மேகத்துக்குள் போன பருந்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

போன மாதம் இந்தப் பக்கத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிற ஹாக் மவுண்டன் மலையைப் பற்றி ஒரு வாசகருக்குப் பத்து வரியில் பதில் எழுதியிருந்தேன். இலையுதிர் காலத்தில் தெற்கே வலசை போகும் பருந்துகளையும் கழுகுகளையும் அங்கே உட்கார்ந்து எண்ணுகிறார்கள் என்று. அந்தப் பத்து வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழுப் பக்கமும் பருந்துகளுக்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கணக்கு எழுதுகிறவர் பயிற்சி பெற்றவர், நான் இல்லை. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து "அதோ ஒன்று" என்று கை காட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி, பதினோரு வருஷமாக.

கேள்வி: வானத்தில் நூற்றுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும் பறவைகளை எப்படி எண்ண முடியும்? ஒன்றையே மூன்று தடவை எண்ணிவிட மாட்டீர்களா?
– கணித ஆசிரியை, ஈரோடு

சுற்றும்போது எண்ணவே கூடாது டீச்சர், அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்.

செப்டம்பர் நடுவில் பிராட்விங் என்ற பருந்துகள் வரும். காக்கை அளவுதான் இருக்கும், வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. வெயில் ஏறியதும் தரை சூடாகி, சூடான காற்று தூண் மாதிரி எழும்பும். ஒரு பருந்து அதற்குள் நுழைந்து இறக்கையை விரித்தபடியே வட்டம் போட்டு மேலே போகும், ஒரு தடவைகூட இறக்கை அடிக்காது. அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் பத்து, கொஞ்ச நேரத்தில் இருநூறு. கொதிக்கிற தண்ணீர் மாதிரி புரளுவதால் அந்தக் கூட்டத்துக்கு அங்கே 'கெட்டில்' என்று பெயர். அந்த நேரத்தில் எண்ணப் போனால், கல்யாண மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளை எண்ணுகிற கதைதான்.

பொறுத்திருக்க வேண்டும். உச்சிக்குப் போகப் போகக் காற்றின் தூக்கு விசை தளர்ந்துவிடும். அப்போது முதல் பருந்து இறக்கையை லேசாக ஒடுக்கிக்கொண்டு தெற்குப் பக்கமாகச் சறுக்க ஆரம்பிக்கும். பின்னாலேயே மற்றவையும், நூல் அறுந்த பாசிமணி உருண்டு ஓடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. அந்த வரிசையைத்தான் எண்ணுவார்கள். ஒரு மேகத்தின் ஓரத்தையோ ஒரு மர உச்சியையோ குறி வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டுகிறவை மட்டும் கணக்கு. கையில் ஒரு கிளிக்கர், அமுக்கினால் எண் கூடுகிற சின்னக் கருவி. சின்னக் கூட்டம் என்றால் ஒவ்வொன்றாக அமுக்குவார்கள், பெரியது என்றால் ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ. 1978 செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் 21,448 பிராட்விங்குகளை எண்ணியிருக்கிறார்கள். அன்றைக்கு யாரும் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு தடவை எண்ணிவிடுகிற ஆபத்து நிஜமாக இருப்பது கூட்டத்தில் இல்லை, உள்ளூர்ப் பறவைகளில்தான். அந்த மலையிலேயே குடியிருக்கும் செவ்வால் பருந்துகள் காலை முழுக்க முன்னாலும் பின்னாலும் போய் வந்துகொண்டிருக்கும். அவற்றை முகம் தெரிகிற அளவுக்குப் பழகி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு இறக்கையில் ஒரு சிறகு விழுந்திருக்கும், இன்னொன்று எப்போதும் ஒரே பட்டமரத்தில் உட்காரும். மலையைத் தாண்டித் தெற்கே போய், திரும்பி வராமல் கண்ணுக்கு மறைந்தால்தான் கணக்கில் சேரும்.

கேள்வி: வானம் எங்கும்தான் இருக்கிறது. ஏன் அந்த ஒரு மலையில் போய் உட்கார வேண்டும்?
– வங்கி ஊழியர், மதுரை

மலையின் அமைப்பு அப்படி. கிட்டாட்டினி என்று ஒரு நீண்ட மலைத்தொடர், வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சுவர் மாதிரி ஓடுகிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு 'முடிவில்லாத மலை' என்று பொருள் சொல்கிறார்கள். வடமேற்கிலிருந்து வீசும் காற்று அந்தச் சுவரில் மோதி மேலே எழும்பும். பருந்துக்கு அது செலவில்லாத சவாரி. இறக்கை அடிக்காமலே மைல் கணக்கில் போகலாம், சேர்த்து வைத்த கொழுப்பும் கரையாது. அதனால் பரந்த நிலப்பரப்பில் சிதறி வருகிற பறவைகள் மலைக்கு வந்ததும் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வரிசை கட்டுகின்றன. நாம் ஒரு மைல் மேடும் பாறையுமாக ஏறி, சுமார் 1,500 அடி உயரத்தில் வடக்கு முனைப் பாறைகளில் உட்கார்ந்தால், சில நாள் அவை நம் கண்ணுக்கு நேராக, ஏன், நம் காலுக்குக் கீழேகூடப் போகும். பருந்தின் முதுகைப் பார்க்கக் கிடைக்கிற இடம் அதிகம் இல்லை.

எந்த நாள் போகலாம் என்று கேட்டால் வானிலை அறிக்கையைப் பாருங்கள் என்பேன். மழையைத் தள்ளிக்கொண்டு வடக்கிலிருந்து ஒரு குளிர்காற்றுப் பட்டை வந்து கடந்து போன மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் நல்ல நாள்.

கேள்வி: அந்த மலையில் ஒரு காலத்தில் பருந்துகளைச் சுட்டார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். ஏன் சுட்டார்கள்? யார் நிறுத்தியது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஏன் என்று கேட்டால், கோழியைத் தூக்குகிறது, வேட்டைப் பறவையைக் கொல்கிறது என்ற கோபம்தான். 1929-ல் பென்சில்வேனியாவில் கோஷாக் என்ற பறவைக்கு, அது நம் ஊர் வைரியின் பெரிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு 5 டாலர் பரிசு அறிவித்தார்கள். சுடுகிறவனுக்கு எது கோஷாக், எது மற்றது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. வார இறுதியில் கூட்டமாக மலை ஏறி, வரிசையாக வந்த எல்லாவற்றையும் சுட்டார்கள். நான் சொன்னேனே, காலுக்குக் கீழே பறக்கும் என்று, அதுவே அவற்றுக்கு எமனாகிவிட்டது.

ரிச்சர்ட் பாவ் என்ற இளைஞர் 1932-ல் அங்கே போய், செத்த பருந்துகளைப் பொறுக்கித் தரையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் நியூயார்க்கில் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தன. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை, 1934-ல் அந்த மலையில் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். காவலுக்கு மாரிஸ் புரோன் என்ற இளைஞரையும் அவர் மனைவி இர்மாவையும் அனுப்பினார். இர்மா பாதையின் வாசலில் நின்றார். துப்பாக்கியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நான் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். மலைப்பாதை, சுற்றிலும் காடு, எதிரே துப்பாக்கியோடு பத்து ஆண்கள், கையில் ஒரு அறிவிப்புப் பலகை மட்டும்.

காவல் காக்க வந்த புரோன், மேலே போய் உட்கார்ந்து எண்ணவும் ஆரம்பித்தார். இரண்டாம் உலகப்போரில் அவர் கடற்படைக்குப் போனதால் விட்டுப்போன சில வருஷங்களைத் தவிர, அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது. இரைகொல்லிப் பறவைகளைப் பற்றி உலகத்தில் இத்தனை நீண்ட தொடர் கணக்கு வேறு கிடையாது.

கேள்வி: பறவை வருகிறது, போகிறது. எண்ணி எழுதி வைத்து யாருக்கு என்ன பயன்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.
– விவசாயி, தேனி

கோபம் என்ன ஐயா, சரியான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்புதான். அதனால் பறந்து போகும்போதே இது குஞ்சு பொரித்து வளர்ந்த புது தலைமுறை, இது கிழடு என்று பிரித்து எழுதிவிடலாம். புரோன் அப்படித்தான் எழுதி வந்தார். 1935 முதல் 1939 வரை அவர் பார்த்த கழுகுகளில் நூற்றுக்கு நாற்பது இளசுகள். 1955 முதல் 1959 வரை அது நூற்றுக்கு இருபதாகக் குறைந்துவிட்டது. 1957-ல் மட்டும் பார்த்தால் 32 பெரிய கழுகுக்கு ஒரே ஒரு இளசு. கவனியுங்கள், வானத்தில் கழுகு இருக்கிறது. சும்மா நிமிர்ந்து பார்க்கிறவனுக்குக் குறையே தெரியாது. குழந்தைகள் இல்லாத ஊர் மாதிரி அது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1962-ல் எழுதிய 'மௌன வசந்தம்' நூலில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்துக்கு எதிராக வைத்த ஆதாரங்களில் இந்த எண்களும் உண்டு. தெளித்த மருந்து பூச்சிக்குப் போய், மீனுக்குப் போய், மீனைத் தின்ற கழுகின் உடம்பில் சேர்ந்து, அது இடுகிற முட்டையின் ஓட்டைக் காகிதமாக மெலிய வைத்தது என்பது பிற்பாடு ஆராய்ச்சியில் உறுதியானது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. 1972-ல் அமெரிக்காவில் டி.டி.டி.யைத் தடை செய்தார்கள். 2007-ல் வெண்தலைக் கழுகு அழிவாபத்துப் பட்டியலை விட்டு வெளியே வந்தது. இப்போது ஹாக் மவுண்டனில் ஒரு பருவத்துக்குச் சில நூறு போகின்றன. நான் முதல் தடவை போன அன்று ஒரே காலையில் ஏழு பார்த்தேன், அதில் நாலு பழுப்பு. பக்கத்தில் இருந்த கிழவர் ஒவ்வொரு பழுப்புக் கழுகுக்கும் தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்போது எனக்குக் காரணம் தெரியாது.

இன்னொன்று, அது உங்களுக்கு நன்றாகவே புரியும். மோனோகுரோட்டோபாஸ் தெரியும்தானே, பருத்திக்கு அடித்த பூச்சிமருந்து. ஸ்வைன்சன் பருந்து என்று ஒன்று வட அமெரிக்காவின் புல்வெளிகளிலிருந்து அர்ஜெண்டினா வரை போய் வரும், அங்கே வெட்டுக்கிளிதான் அதற்குச் சாப்பாடு. 1995–96 பருவத்தில் அங்கே வெட்டுக்கிளிக்கு இந்த மருந்தை அடித்தார்கள், பருந்துகள் ஆயிரக்கணக்கில் வயலிலேயே செத்து விழுந்தன. அந்த ஒரு பருவத்தில் சுமார் 20,000 போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பறவைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டித் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்த விஷயம் இது, எண்ணியவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் அடி பட்ட இனம் திரும்ப எழுந்ததா என்று கேட்டால், வருஷா வருஷம் எண்ணுகிற இடம்தான் பதில் சொல்லும்.

இப்போதைய கவலை கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு. நம் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருக்கும். கிழக்கு அமெரிக்காவின் எண்ணும் இடங்களில் பல பத்தாண்டுகளாக அதன் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இறங்குகிறது என்ற விஷயமாவது தெரிந்திருக்கிறதே, அதற்குத்தான் ஐயா எண்ணுவது.

கேள்வி: ரொம்பத் தூரத்தில் போகிறது, என்ன இனம் என்று தெரியவில்லை. அப்போது என்ன எழுதுவார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவன், புதுக்கோட்டை

தெரியவில்லை என்றுதான் எழுதுவார்கள், தம்பி. அந்தத் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

போன அக்டோபரில் ஒரு நாள். வடக்கு முனைக்கு நேரே தெரியும் மலை முகடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்திருக்கிறார்கள், "மூணுக்கு மேலே ஒன்று" என்று கத்தினால் எல்லா பைனாகுலரும் அங்கே திரும்பும். நான் கத்தினேன். கரும்புள்ளிதான் தெரிந்தது. படபடவென்று அஞ்சாறு அடி, அப்புறம் ஒரு சறுக்கு. அது ஷார்ப்-ஷின் என்ற சின்ன வைரியின் பழக்கம். ஆனால் அதன் அண்ணன் முறை கூப்பர்ஸ் ஹாக் கூடக் கொஞ்சம் அப்படித்தான், அடி மட்டும் நிதானமாக இருக்கும். வால் நுனி வட்டமா சதுரமா என்று பார்ப்பதற்குள் மேகத்துக்குள் போய்விட்டது. நான் ஷார்ப்-ஷின்தான் என்று அடித்துச் சொன்னேன். கணக்கு எழுதும் பெண் என்னைப் பார்த்து, வால் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். இரண்டில் ஏதோ ஒன்று என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள், அவ்வளவுதான். எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பாருங்கள், என் ஆசைக்காக அவள் ஒன்று கூட்டியிருந்தால், இத்தனை வருஷக் கணக்கில் எந்த எண்ணை நம்புவது?

பறவையே வராத மணிக்கும் அப்படித்தான். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எழுதிவிட்டு, பறவை என்ற இடத்தில் பூஜ்யம் போடுவார்கள். வெறும் இடமாக விட மாட்டார்கள்.

கேள்வி: இதைவிடப் பெரிய கூட்டம் வேறு எங்காவது உண்டா?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், சேலம்

உண்டு, எண்ணிக்கையில் ஹாக் மவுண்டன் சின்னதுதான். ஒரு பருவத்துக்குச் சராசரியாக 18,000 பக்கம். மெக்சிகோவின் வெராகுருசில் ஒரு இலையுதிர் காலத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல் போகும். வட அமெரிக்கா முழுவதிலிருந்தும் வருகிற பறவைகள் கடலுக்கு மேல் போகாது, கடலில் வெப்பக் காற்றுத் தூண் எழும்பாதே. அதனால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வளைகுடா, நடுவில் குறுகிய சமவெளி என்று ஒரு புனல் மாதிரி அமைந்த இடத்தில் எல்லாமே வந்து நெருக்கியடிக்கின்றன. கார்டெல் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் நின்றே எண்ணுகிறார்கள்! நான் போனதில்லை, போக வேண்டும்.

ஜார்ஜியா நாட்டில் பாட்டுமி இன்னொன்று. கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் நடுவே உள்ள சந்து. 2008 முதல் எண்ணுகிறார்கள், பத்து லட்சத்தைத் தாண்டும், அதில் ஏறக்குறைய பாதி ஐரோப்பியத் தேன்பருந்து. அங்கேயும் சுடுகிற பழக்கம் உண்டு. எண்ண வருகிறவர்கள் அந்தக் கிராமத்து வீடுகளிலேயே தங்கிச் சாப்பிட்டுக் காசு கொடுக்கிறார்கள், பறவை உயிரோடு போனால் ஊருக்கும் வருமானம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய வருகிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி எண்ண முடியாதா?
– மென்பொருள் ஊழியர், கோவை

மலைமேல் உட்கார்ந்து ஆறு மாதிரி ஓடுவதை எண்ணுவது நம் ஊரில் கஷ்டம், இங்கே வருகிறவை வந்து சேர்ந்து பரவிவிடுகின்றன. ஆனால் பூனைப்பருந்துகளை எண்ணலாம். மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிறவை, பகலெல்லாம் தனித்தனியாக வயலுக்கு மேல் தாழப் பறந்து திரிந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரே புல்வெளியில் தரையில் கூட்டமாக வந்து அடையும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி முன்னால் போய்த் தள்ளி உட்கார்ந்து, வந்து இறங்குவதை எண்ண வேண்டியதுதான். திருநெல்வேலிப் பக்கத்துத் தரிசுகளில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தரிசு என்று நாம் சொல்கிற நிலம் அவற்றுக்குப் படுக்கை, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

பெரிய கூட்டம்தான் பார்க்க வேண்டும் என்றால் நாகாலாந்து. சைபீரியாவிலிருந்தும் வட சீனாவிலிருந்தும் தென் ஆப்பிரிக்காவுக்குப் போகிற அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் டோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் இறங்கும். 2012-ல் அங்கே வலை போட்டு ஆயிரமாயிரமாகப் பிடித்துக் கொன்ற காட்சிகள் வெளியே வந்தன. மறு வருஷமே பங்டி கிராமமும் சுற்றியிருந்தவர்களும் சேர்ந்து வேட்டையை நிறுத்திவிட்டார்கள், அதே 2013-ல் கருவி கட்டிய ஒரு பறவைக்குப் பங்டி என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அங்கிருந்து கிளம்புகிறவை நம் தீபகற்பத்தைத் தாண்டித்தான் அரபிக்கடலுக்குள் நுழைகின்றன. நீங்கள் அலுவலகத்தில் இருக்கிற ஏதோ ஒரு நவம்பர் மத்தியானம், தலைக்கு மேலே போயிருக்கும்.

கேள்வி: நாங்கள் எடிசனில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளை ஹாக் மவுண்டனுக்கு அழைத்துப் போகலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்? குழந்தைக்குச் சலித்துவிடாதா?
– வாசகி, நியூ ஜெர்சி

ஏறக்குறைய இரண்டு மணி நேர வண்டிப் பயணம், தாராளமாகப் போகலாம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கை ஆட்டம்தான் தெரியும். உட்காரத் தலையணை மாதிரி எதையாவது எடுத்துப் போங்கள், பாறை ரொம்பக் கூர்மை. நிறையத் தண்ணீர். தயிர்சாதம் சரியாக இருக்கும். கூட்டம் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர் நடுவில், பொன்னிறக் கழுகு பார்க்க வேண்டும் என்றால் நவம்பரில். நவம்பரில் மேலே காற்று எலும்பு வரை போகும், கையுறை இல்லாமல் ஏறாதீர்கள்.

சலிப்புக்கு வருகிறேன். அந்தப் பாறையில் ஒரு கம்பத்தின் உச்சியில் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றை நட்டு வைத்திருப்பார்கள். பருந்துக்கு ஆந்தையைக் கண்டால் ஆகாது, வந்து அடிக்கும். மூன்று வருஷம் முன்னால் என் தங்கை பெண்ணை அழைத்துப் போயிருந்தேன், அவளுக்கும் ஒன்பது வயதுதான். ஒரு மணி நேரமாக ஒன்றும் வரவில்லை, எப்போ பெரியம்மா வீட்டுக்குப் போகலாம் என்று நாலு தடவை கேட்டுவிட்டாள். சரி, இந்தா, இந்த இனத்தை மட்டும் நீ எண்ணு, வேறு எதுவும் உன் பொறுப்பில்லை என்று என் கிளிக்கரை அவள் கையில் கொடுத்து ஷார்ப்-ஷின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று கீழேயிருந்து மரங்களை உரசிக்கொண்டு ஏறி நேராக ஆந்தையின் மேல் பாய்ந்தது. எங்களுக்கு ஒரு கை தூரம். மார்பில் பழுப்புக் கோடு கோடாக, அந்த வருஷக் குஞ்சு. மஞ்சள் கண், தீக்குச்சி தடிமனில் கால். இறக்கை காற்றைக் கிழிக்கிற சத்தம் காதில் விழுந்தது, ஆந்தையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தெற்கே போய்விட்டது. இவள் அசையவே இல்லை, வாய் திறந்தபடி நின்றாள். அப்புறம் குனிந்து கையைப் பார்த்து, கிளிக்கரை ஒரே ஒரு தடவை அமுக்கினாள். அன்று சாயங்காலம் இறங்கும்போது அவள் கணக்கு பதினாலு, மேலே தாளில் எழுதியிருந்ததும் பதினாலு. மூன்று தடவை என்னைச் சரிபார்க்கச் சொன்னாள்.